ஒரு பை மண்ணும் ஒரு பிள்ளையின் பொறுப்பும்

பாலக்காட்டின் கிழக்கெல்லை ஊர்களில் விளையும் காய்கறி வேலந்தாவளம் சந்தைக்கு வருகிறது. இடுக்கியின் வட்டவடையும் காந்தலூரும் முட்டைக்கோசு, கேரட், பூண்டு ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றவை. இத்தகைய பகுதியில் வாழும் பிள்ளைகளுக்குத் தொட்டியில் காய்கறி வளர்க்கக் கற்றுத்தர வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. விளைநிலத்தின் அருகே வாழ்வது வேறு. விளைவிக்கத் தெரிவது வேறு. மேலும், மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு வாசலோரம் நான்கு பைகள் வைக்கும் இடமே நிலம்.

கேரளத்தில் 1987 முதல் இயங்கிவரும் கிருஷி பவன்கள், 'ஓணத்துக்கு ஒரு முறம் காய்கறி' திட்டத்தின்கீழ் மாணவர்களுக்கும் விதைப் பொட்டலங்களை வழங்கி வருகின்றன. ஆகவே விதை கிடைப்பது அரிதன்று. அதைப் பிள்ளையிடமே முழுமையாக ஒப்படைக்கும் பெற்றோர்தாம் அரியர். 10 வயது நிறைந்த சிறுவர், வங்கிகள் வகுக்கும் வரம்புக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என 2014இல் ரிசர்வ் வங்கி வழிவகுத்தது. பணத்தில் வைக்கும் அந்த நம்பிக்கையை ஒரு பை மண்ணில் வைக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

முறை எளியது. மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள பையில் நிரப்பினால் போதும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் வெண்டையும் கத்தரியும் ஏற்றவை. மலையில் பீன்ஸும் முள்ளங்கியும் நன்கு வரும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் வீசும் கீழைக்காற்று பை மண்ணை விரைவில் உலர்த்திவிடும். அப்போது காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டும். மூணாற்றின் ஆனி, ஆடி மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். பையை இறவாரத்தின்கீழ் நகர்த்த வேண்டும். முதல் முயற்சிக்குக் கீரை நல்லது. சமவெளியில் ஏறத்தாழ நான்கு வாரங்களில் பறிக்கலாம்.

வங்கி அலுவலர் என்ற முறையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கு பைகளால் குடும்பத்தின் காய்கறிச் செலவு பெரிதாகக் குறையாது. பை, உரம், விதை ஆகியவற்றின் விலையைக் கணக்கிட்டால் முதலாண்டில் இழப்பும் நேரலாம். அந்தக் கணக்கைப் பிள்ளையே ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும்: விதைத்த நாள், செலவு, பறித்த எடை. ஒரு கிலோ வெண்டைக்குத் தான் செலவிட்ட தொகையையும் உழைத்த நாள்களையும் அறிந்த பிள்ளை, சந்தையில் உழவரிடம் பேரம் பேசுமுன் சற்றே எண்ணிப் பார்க்கும்.

செடி வாடினால் பெற்றோர் இரவோடு இரவாக வேறு செடியை நட்டு வைக்க வேண்டா. ஏன் வாடியது என்று பிள்ளையே கண்டறியட்டும். நாம் கொடுக்க வேண்டியது இன்னொரு பிடி விதை மட்டுமே.