தற்செயல் தரிசனம்

சென்ற மாதம் ஒரு நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குப் பகல் வண்டியில் வந்துகொண்டிருந்தோம். எதிர்ப் பலகையில் ஒரு மூதாட்டியார், மடியில் துணி மூட்டையொன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். "விழுப்புரம் வந்தால் சொல்லு, தம்பி. எனக்கு எழுத்துத் தெரியாது" என்று நம்மிடம் இருமுறை சொல்லி வைத்தார். அப்படியே ஆகட்டும் என்று நாமும் வாக்களித்தோம்.

விழுப்புரம் வந்தது. வண்டி நிற்பதற்கு முன்னரே மேடையில் பெரும் ஆரவாரம் எழுந்தது. நாடறிந்த நடிகர் ஒருவர், வழியில் தமது மோட்டார் பழுதுபட்டமையால், நமது வண்டியில் ஏற வந்திருந்தார். செய்தி எப்படித்தான் பரவிற்றோ, ஒரு நிமிஷத்தில் வாயிற்படி அடைபட்டுப் போயிற்று. இருநூறு கைகள் உயர்ந்தன; ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி. அடுத்த பெட்டிகளில் இருந்தவர்களும் ஓடி வந்தனர். வக்கீல்களும் உபாத்தியாயர்களும் பலகைமேல் ஏறி நின்றனர். நாமும் எழுந்து நின்று கழுத்தை நீட்டினோம் என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. நடிகரின் தலையின் பின்புறத்தை ஒருவாறு கண்டோம். பின்பு உட்கார்ந்து பார்த்தால், வண்டி விழுப்புரத்தை விட்டு நெடுந்தூரம் வந்துவிட்டது. மூதாட்டியார் மூட்டையுடன் வழியில் நின்றபடியே இருந்தார். அவரை இறங்க விடுவார் எவருமில்லை. சொல்லுவதாக வாக்களித்த நாமோ மறந்தே போனோம்.

இச்சிறு நிகழ்ச்சியைப் பொதுஜனப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கலாம். நமது அபிப்பிராயத்தில் இது சிறிதன்று. புகழ் பெற்றோரைத் தற்செயலாய்க் காணும்போது ஒரு ஜனசமூகம் எப்படி நடந்துகொள்ளுகிறது என்பது, அச்சமூகம் தன்னைத்தான் எவ்வளவு மதிக்கிறது என்பதை அளக்கும் கோலாகும்.

நியாயஸ்தலங்களில் சாட்சி சொல்ல வருவோரை நாம் பல ஆண்டுகள் விசாரித்திருக்கிறோம். "கண்டேன்" என்று சாட்சி சொன்னால், "கண்டது என்ன?" என்பதே அடுத்த கேள்வி. அன்று வண்டியில் இருந்த எவரிடமாவது இக்கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? ஒரு தலை, ஒரு தோள், ஒரு மங்கலான படம், இவ்வளவே. அவரோடு ஒரு வார்த்தை பேசியவர் இல்லை. பேசுவதற்கு ஒரு விஷயம் வைத்திருந்தவரும் இல்லை.

இந்தத் தரிசன ஆசை இன்று நேற்று வந்ததன்று. மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவினின்று திரும்பி வந்த 1915-ஆம் ஆண்டில் ஹரித்துவாரத்துக் கும்பமேளாவிற்குச் சென்றார். தொண்டு செய்யவே அவர் போனார். ஆனால் கூடாரத்தில் உட்கார்ந்து தரிசனம் தருவதே அவருக்கு வேலையாய் முடிந்தது. நீராடும் துறைக்கும் ஜனங்கள் பின்தொடர்ந்தார்கள், உண்ணும்போதும் விட்டார்களில்லை. தம்மை அறியாத இடங்களில், கோடிக்கணக்கான ஏழைகள் ரயிலில் படும் துன்பத்தைத் தாமும் படவேண்டியிருந்தது என்றும், தம்மை அறிந்த இடங்களிலோ தரிசன வெறிக்கு இரையாக வேண்டியிருந்தது என்றும், இவ்விரண்டினுள் எது அதிக இரங்கத்தக்கது என்று தமக்கே விளங்கவில்லை என்றும் அவர் தமது சுயசரிதத்தில் கூறுகிறார். பிற்காலத்தில், கையெழுத்துக் கேட்டு வந்தவர்களிடம் ஐந்து ரூபாய் ஹரிஜன நிதிக்கு வாங்கிக்கொண்டே கையெழுத்திட்டார். பயனற்ற ஆசையையும் பயனுள்ளதாக மாற்றும் வித்தை அவர் ஒருவருக்கே கைவந்தது.

அறியாத இடத்தில் அவர் பட்டதற்கும் ஒரு சான்று உண்டு. 1917 ஏப்ரல் மாதத்தில் சம்பாரண் ஜில்லாவுக்குச் செல்லும் வழியில் அவர் பாட்னாவில் இறங்கினார். பின்னாளில் குடியரசின் முதல் தலைவராக விளங்கிய ராஜேந்திர பிரசாத்தின் வீட்டுக்கு அவரை அழைத்துச் சென்றார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. வந்தவர் என்ன ஜாதியோ என்று ஐயுற்ற வேலைக்காரர்கள், தாங்கள் நீர் இறைக்கும்போது அவர் கிணற்றண்டை வரலாகாது என்றனர். வீட்டினுள் இருந்த கழிப்பிடத்தை அவர் உபயோகிக்கவும் விடாமல் வெளியே அனுப்பினர். அவ்வேலைக்காரர்களை நாம் இகழ்வதற்கில்லை. அவர்கள் ஊர் வழக்கத்தின்படி நடந்தார்கள். ஆயினும் இதனைக் கேட்போர் அனைவரும், "ஐயோ, அவர் காந்தி என்று தெரியாமல் போயிற்றே!" என்றே இரங்குகின்றனர். இவ்விரக்கம் தவறான இடத்தில் விழுகிறது. வந்தவர் காந்தி என்று அறியாதது பிழையன்று. அவர் இடத்தில் பெயரற்ற குடியானவன் ஒருவன் நின்றிருந்தால், அவனுக்கு அக்கிணற்று நீரை மறுத்தது நியாயமாகிவிடுமா?

நிற்க. காந்தியடிகளைப் பாட்னாவுக்கு அழைத்து வந்த மனிதர் யார்? ராஜகுமார் சுக்லா என்ற குடியானவர். இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்ற கொடிய முறையால் நைந்துபோன சம்பாரண் விவசாயிகளுள் அவரும் ஒருவர். 1916 டிசம்பரில் லக்ஷ்மணபுரிக் காங்கிரஸில் அவர் காந்தியைச் சந்தித்தார். அப்பொழுது காந்திக்குச் சம்பாரண் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் காந்தியைக் கண்ணாரக் கண்டு திரும்பியவர் ஆயிரக்கணக்கானோர். சுக்லா அவரைக் கான்பூரிலும் தேடிப் போனார், ஆமதாபாத்துக்கும் போனார், கல்கத்தாவில் அவர் வருவதற்கு முன்னரே சென்று காத்திருந்தார். ஒரே வேண்டுகோள்: எங்கள் ஜில்லாவுக்கு வந்து எங்கள் நிலையைப் பாருங்கள். அதன் முடிவு யாவரும் அறிந்ததே. 1918-இல் சட்டம் வந்தது. அவுரிக் கட்டாயம் ஒழிந்தது. கண்டு வணங்கிய ஆயிரவர் பெயரையும் சரித்திரம் மறந்தது. கேட்க வேண்டியதைக் கேட்டவரின் பெயர் நின்றது.

புகழ் வருமுன் ஒருவரைச் சந்திப்பது எத்தகையது என்பதற்கு 1893-ஆம் ஆண்டைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுவதில்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் யோகோஹாமாவிலிருந்து வான்கூவருக்குச் சென்ற கப்பலில் இளந்துறவி ஒருவர் பிரயாணம் செய்தார். அதே கப்பலில் ஜாம்ஷெட்ஜி டாடாவும் இருந்தார். டாடா பெருஞ் செல்வர். துறவியோ உலகம் அறியாதவர். இருவரும் பேசிப் பழகினர். ஐந்தாண்டு கழிந்து, 1898 நவம்பரில், டாடா அத்துறவிக்கு ஒரு கடிதம் வரைந்தார். உடன் பிரயாணம் செய்த தம்மை நினைவிருக்கும் என்று நம்புவதாகத் தொடங்கி, இந்தியாவில் விஞ்ஞான ஆராய்ச்சிக்கு ஒரு நிலையம் காணும் தமது எண்ணத்திற்கு அவருடைய துணையை வேண்டினார். துறவி விவேகானந்தர் 1902-லும் டாடா 1904-லும் காலமாயினர். 1909-இல் பெங்களூரில் அந்நிலையம் தோன்றியது. கப்பல் தளத்துப் பேச்சை ஐந்தாண்டு நெஞ்சில் வைத்திருந்த பெருந்தன்மையை என்னென்பது!

அதே துறவி, கப்பலை விட்டிறங்கி ரயிலேறியபோது, உடன் வந்த கேட் ஸான்பார்ன் என்ற அமெரிக்க மாது அவருடன் பேசித் தமது இல்லத்திற்கு அழைத்தார். அவர் மூலமாகவே ஹார்வார்டு கலாசாலைப் பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் அறிமுகமும், சர்வமதப் பேரவைக்கு அவர் எழுதிய கடிதமும் கிடைத்தன. சிகாகோவில் முகவரியைத் தொலைத்துவிட்டு, பல வீட்டு வாசல்களில் விரட்டப்பட்டு, தெருவோரத்தில் அயர்ந்து உட்கார்ந்த அவரை எதிர்வீட்டு ஹேல் அம்மையார் கண்டு, வெளியே வந்து விசாரித்து, உள்ளே அழைத்து உணவளித்துப் பேரவைக்குக் கொண்டு சேர்த்தார். செப்டம்பர் 11-ஆம் தேதிக்குப் பின் அவரை வீட்டுக்கு அழைக்காத சிகாகோ செல்வர் யார்? ஆனால் அதற்கு முன் கதவைத் திறந்தவர் ஒருவரே. அவ்வம்மையாருக்கு அன்று எந்தப் புகழ் மனிதரும் தெரியவில்லை. பசித்த ஒரு மனிதர் தெரிந்தார்.

நமது தமிழ்நாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 1919-இல் காந்தியடிகள் சென்னையில் ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது பாரதியார் அவரைக் காணச் சென்ற செய்தியை, அன்று வாயிலில் காவலிருந்த வ. ரா. எழுதிவைத்திருக்கிறார். பாரதியார் அனுமதி கேட்டு நிற்கவில்லை. நேரே உள்ளே சென்று காந்தியின் அருகில் அமர்ந்தார். அன்று மாலை தமது கூட்டத்துக்குத் தலைமை வகிக்க முடியுமா என்று கேட்டார். வேறு அலுவல் இருப்பதால் மறுநாள் வைத்துக்கொள்ளலாமா என்றார் காந்தி. அது இயலாது என்று கூறி, காந்தி தொடங்கவிருந்த இயக்கத்தை ஆசீர்வதித்துவிட்டுப் பாரதியார் எழுந்து போய்விட்டார். இவர் யார் என்று காந்தி வினவ, தமிழ்நாட்டுக் கவி என்றார் ராஜாஜி. இவரைப் பத்திரமாய்ப் பாதுகாக்க வேண்டும் என்றாராம் காந்தி. சில நிமிஷச் சந்திப்பில் குஜராத்திப் பெரியார் கண்டதை, திருவல்லிக்கேணித் தெருக்களில் தினமும் எதிர்ப்பட்ட தமிழர் காணவில்லை. 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்புமுன், பாரதியார் மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் சென்றவர் மிகச் சிலர். இன்று அவர் சிலைக்கு மாலையிட நாம் ஒருவரையொருவர் முந்துகிறோம்.

"உழைத்துக் களைத்தவன் தனக்குப் பிடித்த நடிகரையோ தலைவரையோ ஒரு கணம் கண்டு மகிழ்ந்தால் உமக்கென்ன நஷ்டம்?" என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. அவனது மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. கண்டான், கைகூப்பினான், வழிவிட்டான் என்றால் அதில் அழகே உண்டு. நாம் அஞ்சுவது, கண்ட கணத்தில் பக்கத்திலிருப்பவன் மறைந்து போவதைத்தான். 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரில் கிரிக்கெட் வீரர்களைக் காணக் கூடிய கூட்டத்தில் 11 பேர் மாண்டனர். அவ்வாண்டே செப்டம்பர் 27-ஆம் தேதி கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மாண்டனர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. யார்மீது எவ்வளவு குற்றம் என்பதைத் தீர்ப்புக் கூற உரியவர்கள் கூறட்டும். ஏற்பாடுகளின் குறை எதுவாயினும், நெரிக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவனும் முன்னே பார்க்கிறான். காலடியில் விழுந்தவனைப் பார்ப்பவன் இல்லை. விழுப்புரத்து வாயிற்படியில் நாம் கண்டதும் அந்நோயின் சிறு குறியே.

ஆகவே பொதுவாழ்வில் ஈடுபட்ட நண்பர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது இது. தலைவர்களைக் காட்சிப் பொருளாக்கிக் கூட்டம் சேர்ப்பதை விட்டு, கேள்வியோடு வரும் குடிமக்களை அவர்கள் முன் கொண்டு நிறுத்துங்கள். தற்செயலாய் ஒரு பிரமுகர் எதிர்ப்பட்டால், சுக்லாவைப்போல் உங்கள் ஊரின் குறையை இரண்டு வார்த்தையில் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லையாயின் அவருக்கு வழிவிடுங்கள். அவரும் மனிதர், அவருக்கும் பிடிக்க வேண்டிய வண்டி இருக்கும். புகழில்லாத மனிதன் எதிர்ப்பட்டால், ஹேல் அம்மையாரைப்போல் முதலில் கதவைத் திறங்கள். ஒருவர் யார் என்று தெரிந்த பின் காட்டும் மரியாதையில் நமக்குப் பெருமை இல்லை. தெரியாமுன் காட்டியதே நம்முடைய கணக்கில் நிற்கும்.

அந்த மூதாட்டியாரின் கதையை முடிக்கவில்லை. செங்கற்பட்டில் அவருடன் இறங்கி, அவர் மகனுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லி, திரும்பும் வண்டி வரும்வரை உடனிருந்தோம். நாம் செய்த பிழைக்கு அது சிறு பரிகாரமே. அவர் நம்மைக் கோபிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மெல்லக் கேட்டார்: "அவ்வளவு கூட்டம் கூடிற்றே, தம்பி, யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையா?"

ஒரு மனிதனுக்குத் துன்பம் நேர்ந்தால்தான் ஜனங்கள் அப்படி ஓடி வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். எழுத்தறியாத அவருக்கு, ஆங்கிலம் படித்துச் சட்டம் பயின்ற நம்மால் ஒரு விடையும் சொல்ல முடியவில்லை.