நெஞ்சில் விழுந்த பள்ளம்... நோயா, அழகுப் பிரச்னையா? தீர்மானிக்கும் 3.25!

பீச்சுக்குப் போனாலும் சட்டையைக் கழற்றாத நண்பன் உங்க கேங்கில் இருக்கானா? 'ரொம்பக் கூச்சப்படுறான்'னு கலாய்ச்சிருப்பீங்க. ஆனால், சிலருக்கு அதற்குக் காரணம் நெஞ்சின் நடுவில் இருக்கும் பள்ளமாக இருக்கலாம்.

மருத்துவர்கள் இதை 'பெக்டஸ் எக்ஸ்கவேட்டம்' என்கிறார்கள். விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்பின் வளர்ச்சி சீராக இல்லாததால், நெஞ்செலும்பு உள்ளே போய்விடும். சுமார் 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருக்கிறது. ஆண்களுக்கே அதிகம். டீன் ஏஜில் கிடுகிடுவென உயரம் கூடும்போது பள்ளமும் ஆழமாகலாம்.

எவ்வளவு ஆழம்னு எப்படி அளப்பாங்க?

சி.டி ஸ்கேன் எடுத்து, மார்புக்கூட்டின் உள் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தின் தூரத்தால் வகுப்பார்கள். இதுதான் 'ஹாலர் இண்டெக்ஸ்'. 1987-ல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. பொதுவாக இது 2.5-ஐ ஒட்டி இருக்கும். 3.25-ஐத் தாண்டினால் ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள்.

அகலம் 26 செ.மீ, இடைவெளி 8 செ.மீ என்றால் சரியாக 3.25. இடைவெளி அரை சென்டிமீட்டர் கூடினால் 3.06! ஒரே ஆளுக்கு மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது ஒரு எண், விடும்போது வேறு எண். அதனால்தான் இதை மட்டும் நம்பாமல் எக்கோ, நுரையீரல் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள்.

சரி, சிகிச்சை?

அமெரிக்க மருத்துவர் டொனால்ட் நஸ் 1998-ல் வெளியிட்ட முறைதான் இன்று பிரபலம். பக்கவாட்டில் சிறு துளைகள் போட்டு, வளைந்த உலோகக் கம்பியை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்துத் திருப்பினால், பள்ளம் மேலே எழும்பும். சுமார் 3 வருஷம் கம்பி உள்ளேயே இருக்கும். முதல் சில நாள்கள் வலி கடுமையாக இருக்கும். கம்பி நகரலாம். மிக அரிதாக இதயத்தில் காயம் படலாம். 'ஜஸ்ட் அழகுக்காக' என்று எடுக்கிற முடிவு அல்ல இது.

இதற்கு யார் செலவு செய்வது என்பதில்தான் சண்டையே. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ், 2019-ல் இந்த ஆபரேஷனுக்கு வழக்கமாகப் பணம் தருவதை நிறுத்தியது. பலன் தருகிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மருத்துவர்களும் நோயாளிகளும் எதிர்த்தார்கள்.

பொதுப் பணத்துக்கு ஆதாரம் கேட்பது நியாயம்தான். ஆனால், மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு மார்பகத்தை மறுசீரமைக்க அதே என்.ஹெச்.எஸ் பணம் தருகிறது. அங்கே மனநிலையும் ஒரு மருத்துவக் காரணம்தான். 16 வயசுப் பையன் கண்ணாடியைப் பார்க்கவே தயங்கும்போது மட்டும் அது எப்படி வெறும் அழகுப் பிரச்னை ஆகும்?

நம்ம ஊர் இன்ஷூரன்ஸிலும் இதே சிக்கல் உண்டு. பிறவிக் குறைபாடுகளை 'உள்', 'வெளி' என்று பிரித்திருக்கிறார்கள். வெளியே தெரியும் குறைபாடுகளுக்குப் பல பாலிசிகளில் கவரேஜ் கிடையாது. நெஞ்சுப் பள்ளம் வெளியே தெரியும். அது இதயத்தை அழுத்துவது தெரியாது!

உங்களுக்கோ நண்பருக்கோ இது இருந்தால், உடற்பயிற்சி எலும்பை வெளியே கொண்டுவந்துவிடும் என்று நம்ப வேண்டாம். தசையும் நிற்கும் தோரணையும் மேம்படும், அவ்வளவுதான். படியேறும்போது மூச்சு வாங்கினாலோ, படபடப்பு இருந்தாலோ, டாக்டரைப் பாருங்கள். இதயம், நுரையீரல் பாதிப்பு இருந்தால் ரிப்போர்ட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். க்ளெய்ம் கேட்கும்போது அந்த வரிகள் உதவலாம். அடுத்த பீச் ட்ரிப்பில், அவன் சட்டையோடயே குளிக்கட்டும், கலாய்க்காதீங்க.