ஒளிந்து விளையாடும் பழுது

இளம் நண்பர்களே, ஒரு கேள்வியுடன் தொடங்குகிறேன். அடியோடு ஓடாத கார் ஒன்று. சில சமயம் மட்டும் நின்றுவிடும் கார் ஒன்று. இவ்விரண்டில் எதைச் சீராக்குவது எளிது? "சில சமயம் நிற்கும் கார்தான், அதில் பழுது குறைவல்லவா?" என்று உங்களில் பலர் சொல்லக்கூடும். அனுபவமுள்ள மெக்கானிக் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஓடாத காரில் பழுது எப்போதும் இருக்கிறது, தேடினால் அகப்பட்டுவிடும். வந்து வந்து போகும் பழுதோ, நாம் தேடும் நேரத்தில் அங்கே இருப்பதில்லை.

இத்தகைய பழுதைத் தேடும் முறையை நம் பள்ளி ஆய்வுக்கூடங்கள் கற்றுத் தருவதில்லை. கற்றுத் தர வேண்டும் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஒரு காரின் கதையைக் கொண்டே விளக்குகிறேன்.

2012 ஆம் ஆண்டில் மதுரையில் இருக்கும் என் அத்தான் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினார். கார்புரேட்டர் காலத்து வண்டி. அதைப் புதுப்பிக்க எண்ணி இரண்டு மாற்றங்கள் செய்தார். தீப்பொறிக்கான பழைய பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினார். எஞ்சினால் இயங்கிய பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டு மின்சாரத்தால் இயங்கும் பம்பை வைத்தார். ஊருக்குள் கார் அழகாக ஓடியது. திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டாலோ வாடிப்பட்டியை நெருங்கும்போது இருமிக்கொண்டே நின்றுவிடும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

முதலில் இதை எல்லோரும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். ஒருநாள் இரவு, அக்காளும் குழந்தைகளும் உள்ளே இருக்க, நான்கு வழிச் சாலையின் நடுவே கார் நின்றது. பின்னால் வந்த லாரி பிரேக் கிறீச்சிட விலகிச் சென்றது. அன்றோடு வேடிக்கை முடிந்தது.

கார் பட்டறைக்குப் போயிற்று. முதல் தடவை இக்னிஷன் காயில் மாற்றப்பட்டது. கார் கிளம்பியது, "சரியாகிவிட்டது" என்றார் மெக்கானிக். அடுத்த திண்டுக்கல் பயணத்தில் மீண்டும் நின்றது. இரண்டாம் தடவை கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், சரியாகிவிட்டது, மீண்டும் நின்றது. மூன்றாம் தடவை எலக்ட்ரானிக் இக்னிஷனையே மாற்றினார். "ஆள் நம்மை ஏமாற்றுகிறார், மாப்பிள்ளை" என்றார் அத்தான்.

அந்த மெக்கானிக் ஏமாற்றவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் ஏமாந்துதான் போனார். சற்று நேரம் நிறுத்தி வைத்தால் தானே சரியாகிவிடும் பழுது அது. பட்டறையில் எதை மாற்றியிருந்தாலும் கார் கிளம்பியிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்களே, அதுதான் இங்கே நடந்தது. ஓய்வு செய்த வேலைக்குக் காயில் பெயர் வாங்கிக்கொண்டது. தானே வந்து தானே போகும் எந்தத் தொல்லையிலும் இந்த ஆபத்து உண்டு. மருந்து என்று எதைக் கொடுத்தாலும் அது பலித்ததுபோலவே தோன்றும்.

ஆகவே இனி எதையும் மாற்றுவதில்லை, முதலில் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். காரில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தோம். புறப்பட்ட நேரம், ஓடிய தூரம், தொட்டியில் இருந்த பெட்ரோல், வெயிலின் அளவு, எஞ்சின் நின்ற விதம் ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்திலும் அத்தான் குறித்து வந்தார். கார் நிற்காத நாள்களையும் குறிக்கச் சொன்னேன். நிற்காத நாளைக் குறிக்காவிட்டால், நின்ற நாளில் என்ன வேறுபாடு என்பதை எப்படி அறிவது?

நோட்டுப் புத்தகம் முதலில் சொன்னது இது: எஞ்சின் எப்போதும் தடுமாறித் தடுமாறியே நின்றது. தீப்பொறி தரும் மின்சுற்று அறுந்தால் எஞ்சின் பெரும்பாலும் விளக்கை அணைத்ததுபோல் சட்டென நிற்கும். பெட்ரோல் வரத்துக் குறைந்தால்தான் இப்படி இருமும். ஆகவே மின்சாரத்தை விட்டுப் பெட்ரோல் வரும் வழியைப் பார்ப்பதே முறை.

அடுத்த ஐயம் வெப்பம். நெடுந்தூரம் ஓடி எஞ்சின் சூடேறினால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் பாதையை அடைப்பதுண்டு. "நெடும் பயணத்தில்தானே நிற்கிறது? அப்படியானால் வெப்பமே காரணம்" என்றார்கள் எல்லோரும். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நெடும் பயணத்துக்கு முன்பெல்லாம் அத்தான் தொட்டியை நிரப்பியிருந்தார்! நெடுந்தூரமும் நிறைந்த தொட்டியும் எப்போதும் கைகோத்தே வந்திருந்தன. குற்றவாளி இவற்றுள் யார் என்று அறிய, இரண்டையும் பிரித்தாக வேண்டும்.

எனவே இரு பயணங்கள் செய்தோம். ஒன்று, தொட்டியை நிரப்பிக்கொண்டு விடியற்காலைக் குளிரில். மற்றொன்று, கால் தொட்டி பெட்ரோலுடன் மே மாத நடுப்பகலில். வெப்பம் காரணமானால் நடுப்பகலில்தான் நிற்க வேண்டும். நடந்தது நேர்மாறு. விடியலில் கார் வாடிப்பட்டி அருகே நின்றது. கொளுத்தும் வெயிலில் திண்டுக்கல் வரை ஓடியது.

பெட்ரோல் நிறைய இருந்தால் கார் ஏன் நிற்க வேண்டும்? இதற்கு விடை உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சீராக வராது. இரண்டாவது துளை வழியே காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் ஒழுங்காக ஊற்றும். பெட்ரோல் தொட்டிக்கும் அப்படியே. செலவான பெட்ரோலின் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும்.

தொட்டியின் கொள்ளளவு 36 லிட்டர் என்று கொள்வோம். 32 லிட்டர் நிரப்பினால் மேலே 4 லிட்டர் இடம் எஞ்சும். 2 லிட்டர் செலவானதும், 4 லிட்டர் இடத்தில் இருந்த காற்று 6 லிட்டர் இடத்தில் பரவுகிறது. வெளியிலிருந்து காற்று புகாவிட்டால், ராபர்ட் பாயில் 1662 இல் வெளியிட்ட விதிப்படி அதன் அழுத்தம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். கால் தொட்டியில் 9 லிட்டர் பெட்ரோலும் 27 லிட்டர் காற்றும் இருக்கும். அப்போது அதே 2 லிட்டர் செலவானால் காற்று 29 லிட்டர் இடத்தில் பரவும். அழுத்தக் குறைவு சுமார் 7 சதவீதமே. உண்மையில் தொட்டியில் பெட்ரோல் ஆவியும் இருப்பதால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகிவிடும். மொத்தக் குறைவு இவ்வளவு பெரிதாக இராது. ஆயினும் நிறைந்த தொட்டியில்தான் குறைவு மிகுதி என்ற முடிவு மாறாது. உள்ளே அழுத்தம் குறையக் குறைய, பம்பால் பெட்ரோலைக் கொண்டுவர முடிவதில்லை. வண்டி நின்றபின் இடுக்குகள் வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகிறது. கார் மீண்டும் கிளம்புகிறது.

அப்படியானால் காற்று போகும் வழியை அடைத்தது எது? அத்தானைக் கேட்டேன். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து, காரைப் புதுப்பித்த அதே வாரம் அவர் பூட்டுப் போட்ட மூடி ஒன்றையும் வாங்கி மாட்டியிருக்கிறார்! அந்தக் காரின் பழைய மூடியில் காற்றுக்கென ஒரு சிறு துளை இருந்தது, புதியதில் இல்லை. இக்னிஷனையும் பம்பையும் மாற்றமாகக் கருதிய நாங்கள், மூடியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெட்ரோல் பங்க் ஊழியர் ஒருவர் மட்டும், "மூடியைத் திறந்தா உஸ்ஸுன்னு காத்து உள்ளே இழுக்குதுங்க" என்று முன்பே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை.

பழைய மூடியை மாட்டினோம், நிறைந்த தொட்டியுடன் நான்கு பயணங்கள், கார் நிற்கவில்லை. அத்துடன் நான் விடவில்லை. தானே மறையும் பழுது இப்போதும் தானே மறைந்திருக்கலாம் அல்லவா? பூட்டு மூடியை மீண்டும் மாட்டி, சாலையோரமாகவே ஓட்டிச் சென்றோம். கார் நின்றது. பழுதை விருப்பப்படி வரவழைக்கவும் போக்கவும் முடிந்த பிறகே காரணத்தைக் கண்டோம் என்று சொல்லிக்கொண்டேன்.

பெரிய பொறியாளர்களும் இதையே செய்கிறார்கள். 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்கு வந்த போயிங் 777 விமானத்தின் இரண்டு எஞ்சின்களும் இறங்கும் தறுவாயில் வலுவிழந்தன. விமானம் ஹீத்ரோ ஓடுபாதைக்கு முன்பே தரையில் மோதி இறங்கியது. நல்லவேளையாக அதில் இருந்த 152 பேரும் உயிர் தப்பினர். எரிபொருளில் இருந்த சிறிதளவு நீர் பனிக்கட்டியாகி வழியை அடைத்தது என்பதே ஆய்வாளர்களின் ஐயம். அந்தப் பனிக்கட்டி உருகிப் போயிருந்தது. ஆய்வாளர்கள் அதே குளிர்ச்சியைச் செயற்கையாக உண்டாக்கி, அடைப்பை மறுபடி வரவழைத்துப் பார்த்தனர். இறுதி அறிக்கை 2010 இல் வெளிவந்தது. எரிபொருளைச் சூடாக்கும் கருவியின் வடிவமும் மாற்றப்பட்டது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். தனி ஊசல் சோதனையில் என் மாணவர்கள் அனைவருக்கும் 980 கிடைத்துவிடுகிறது. விடை முன்பே தெரியும். அளவீடு அதற்கேற்ப வளைந்து கொடுக்கிறது. மாதத்தில் ஒருநாளாவது, தளர்ந்த இணைப்பு உள்ள மின்சுற்று ஒன்றை மாணவர் கையில் கொடுக்கட்டும். மதிப்பெண் விடைக்கு வேண்டாம். அவர் எழுதிய குறிப்புக்குத் தரட்டும். "நல்ல கருவிகளே இல்லையே" என்று சில ஆசிரியர்கள் குறைப்படலாம். பழுதான கருவிகளுக்கு நம் பள்ளிகளில் பஞ்சமில்லையே!

பள்ளி மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மழை நாளில் மட்டும் ஒலிக்காத அழைப்பு மணி, தட்டினால் எரியும் டார்ச்சு விளக்கு, மேடேறும்போது மட்டும் சத்தமிடும் சைக்கிள் என ஏதேனும் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். மின்சாரத்தையும் பெட்ரோலையும் பெரியவர்கள் உடனில்லாமல் தொடாதீர்கள். கவனிப்பதற்கும் எழுதுவதற்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு வாரம் எழுதுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் மெக்கானிக்கிடம் அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும்.