எதிர்த்தரப்புக்கும் வாதாடிப் பார்க்க வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் சட்டக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். தினமும் தாம்பரத்தில் பஸ் பிடித்து, வண்டலூர் வழியாகப் புதுப்பாக்கம் அரசு சட்டக் கல்லூரிக்குப் போய் வருகிறவர்கள். (பாரிமுனையில் ஹைகோர்ட்டை ஒட்டி இருந்த பழைய கல்லூரிதான் 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது.) அவர்களில் ஒருத்தி ராமேஸ்வரம் பக்கத்துப் பெண். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்.

போன வருடம் ஒரு ராத்திரி கீழே இறங்கி வந்தாள். "சார், சர்வதேசச் சட்டத்துல மூட் கோர்ட் போட்டிக்குப் பேர் குடுத்திருக்கேன். நான் பேசறதைக் கொஞ்சம் கேக்கறீங்களா?"

நான் வரலாற்று வாத்தியார். சட்டம் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும். உட்கார்ந்தேன்.

மூட் கோர்ட் என்றால் மாதிரி நீதிமன்றம். கற்பனையாக இரண்டு நாடுகள், அவற்றுக்குள் ஒரு தகராறு. வழக்கு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனதாக வைத்துக்கொண்டு மாணவர்கள் வாதாட வேண்டும். இந்தப் போட்டிகளில் பெரியது ஜெஸ்ஸப். 1960-இல் தொடங்கியது. இறுதிச் சுற்றுகள் வாஷிங்டனில். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி மாணவர்கள் 1999-லும் 2013-லும் அதில் உலக அளவில் வென்றிருக்கிறார்கள். அதே பாணியில் நம் ஊர்க் கல்லூரிகளிலும் போட்டிகள் நடக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு அணியும் இரண்டு நாடுகளுக்காகவும் வாதுரை எழுத வேண்டும். ஒரு சுற்றில் வழக்குப் போட்ட நாட்டுக்காகப் பேசினால், இன்னொரு சுற்றில் எதிர் நாட்டுக்காகப் பேச வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு வந்த கற்பனை வழக்கு, ஒரு ஜலசந்தியில் மீனவர்கள் கைதான விவகாரம். மீனவர்களின் நாட்டுக்காக அவள் பேசியதைக் கேட்க வேண்டுமே! 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆவது பிரிவை எடுத்து வைத்தாள். பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதியை மீறியவருக்கு, நாடுகளுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சிறைத் தண்டனை கொடுக்கக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. மூச்சு விடாமல் பேசினாள். அவள் அப்பாவும் ஒரு முறை இலங்கைச் சிறையில் இருந்து வந்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

மறுநாள் எதிர்த்தரப்பு. பேச்சே வரவில்லை. "எங்கப்பாவைப் புடிச்சவங்களுக்காக நான் எப்படி சார் பேசறது?"

எனக்கும் பதில் தெரியவில்லை. "அவங்க தரப்புல என்ன இருக்குன்னு முதல்ல படிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

படித்தாள். 1974 கச்சத்தீவு ஒப்பந்தம் பாக் நீரிணையை 'வரலாற்று நீர்ப்பரப்பு' என்றே குறிப்பிடுகிறது. அப்படியானால் பொருளாதார மண்டலத்துக்கான 73-ஆவது பிரிவு அங்கே செல்லுமா? அவளுடைய பலமான வாதத்திலேயே ஓட்டை. இழுவைமடி மீன்பிடிப்பை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. போர்க்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் கிடந்து, 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கிய யாழ்ப்பாணத்து மீனவர்களும் தமிழர்கள்தான். நம் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போவது அவர்கள் வலைகளைத்தான்.

மூன்றாம் நாள் அவள் எதிர்த்தரப்புக்காகப் பேசினாள். குரல் இறங்கியிருந்தது, வாதம் ஏறியிருந்தது. முடித்துவிட்டு, "சார், இப்பதான் எங்கப்பாவுக்காக எப்படிப் பேசணும்னு தெரியுது" என்றாள்.

நாற்பது நிமிடப் பாடவேளைகளில் வருடக்கணக்காக நான் சொல்லிக் கொடுக்க முயன்றது இதுதான். நம்முடைய பட்டிமன்றத்தில் ஒரே கட்சியைப் பிடித்துக்கொண்டு, கைத்தட்டல் வாங்கிவிட்டு இறங்கிவிடலாம். மூட் கோர்ட்டில் நீதிபதி பாதியில் மறித்துக் கேள்வி கேட்பார். மழுப்ப முடியாது. டிவி விவாதம் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல மருந்து எது?

ஆனால் போட்டி நாளன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். "வாதம் நன்று, ஆங்கிலம் போதாது" என்று எழுதிக் கொடுத்து முதல் சுற்றிலேயே அனுப்பிவிட்டார்கள். சீர்காழியிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் தோற்பது சட்டத்திலா, உச்சரிப்பிலா?

ஹேக் நகரில் வாதாட ஆங்கிலமோ பிரெஞ்சோ வேண்டும். மறுக்கவில்லை. அது கடைசிப் படி. முதல் படியையாவது தமிழில் வையுங்கள். கல்லூரிக்குள் நடக்கும் சுற்று தமிழில் இருக்கட்டும். கீழ்க் கோர்ட்டுகளில் தினமும் தமிழில் சாட்சி விசாரணை நடக்கும்போது, மாதிரி கோர்ட்டில் மட்டும் என்ன தடை? யோசிப்பதைத் தமிழில் பழகியவர்கள், பேசுவதை ஆங்கிலத்தில் அப்புறம் பழகிக்கொள்வார்கள்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் ஓய்வு பெற்ற வழக்கறிஞர்கள், ஆங்கில ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். வாரம் ஒரு மாலை நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்க வர முடியுமா? எங்கள் வீட்டுக் கூடம் இருக்கிறது. காபிக்கு நான் பொறுப்பு.

அந்தப் பெண் இந்த வருடமும் பேர் கொடுத்திருக்கிறாள். வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். எனக்கு எதிர்க்கருத்து உள்ளவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.