கடைக்கால் தோண்டும் முன் ஒரு குழி

லண்டன் நகரின் நடுவே ப்ளூம்பெர்க் நிறுவனம் தன் அலுவலகத்தைக் கட்டும் முன், 2010 முதல் 2014 வரை அந்த மனையில் அகழாய்வு நடந்தது. வால்புரூக் என்ற பழைய ஓடையின் ஈரச் சேற்றில் மக்காமல் கிடந்த 400-க்கும் மேற்பட்ட மர ஏடுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 என்று தேதியிட்ட கடன் பத்திரம். டிபுல்லஸ் என்பவர் சரக்கு வகையில் கிராட்டஸ் என்பவருக்கு 105 டெனாரி தர ஒப்புக்கொண்டு எழுதியது; இருவருமே விடுதலை பெற்ற அடிமைகள். ஏட்டில் பூசிய மெழுகு எப்போதோ போய்விட்டது. எழுத்தாணி மரத்தில் பதித்த கீறல்களை வைத்தே அதைப் படித்திருக்கிறார்கள். ரோமானியப் படை பிரிட்டனில் இறங்கிய 14 ஆண்டுகளுக்குள் அங்கே கடனும் வணிகமும் நடந்ததற்கு அந்தக் கீறல்களே சாட்சி.

இது தற்செயலாக வாய்த்ததல்ல. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் மேடையேறிய ரோஸ் அரங்கின் அடித்தளம் 1989-இல் ஓர் அலுவலக மனையில் வெளிப்பட்டபோது, அதைக் காக்கச் சொல்லி நடிகர்களும் பொதுமக்களும் போராடினார்கள். அடுத்த ஆண்டே இங்கிலாந்து அரசு புது நெறிமுறை வகுத்தது. கட்டட அனுமதி கேட்கும்போதே மண்ணுக்கடியில் என்ன இருக்கலாம் என்று ஆராய வேண்டும்; ஆய்வுச் செலவைக் கட்டுபவர் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

நம் பழைய தலைநகரங்களுக்கும் இப்படியொரு விதி தேவை. உறையூர் இன்று திருச்சி மாநகரின் ஒரு பகுதி. அங்கே 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் சாயத் தொட்டியும் ரோமானியப் பானை ஓடுகளும் கிடைத்தன. மதுரை, கரூர், காஞ்சிபுரம் ஆகியவையும் பழைய குடியிருப்பின் மேலேயே வாழும் ஊர்கள். கீழடியை அவ்வளவு விரிவாகத் தோண்ட முடிந்ததற்கு, அதன் மேல் வீடுகள் அல்ல, தென்னந்தோப்பு இருந்ததும் ஒரு காரணம். ஊருக்குள் அடுக்குமாடிக்கும் வணிக வளாகத்துக்கும் ஜேசிபி இறங்கும்போது அப்படி நிதானமாகப் பார்க்க யாரும் இல்லை. மத்திய அரசின் 2010-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சின்னத்துக்குத்தான் அந்தக் காவல். மண்ணில் கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைத் தெரிவிக்கச் சொல்லும் 1878-ஆம் ஆண்டுச் சட்டமோ, பொருள் கிடைத்த பிறகுதான் பேசத் தொடங்குகிறது. பானை ஓட்டுக்குச் சந்தை விலை இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எதன் அருகே கிடந்தது என்பதே அதன் மதிப்பு. லாரியில் ஏறிய மண்ணிலிருந்து அதை மீட்க முடியாது.

கட்டுமானம் தாமதமாகும், செலவு கூடும் என்பார்கள். ஆனால் பெரிய தாமதம், பாதி வேலையில் எதிர்பாராமல் ஏதாவது வெளிப்பட்டு, வழக்கும் தடையும் வரும்போதுதான் நேர்கிறது. முன்கூட்டியே ஒரு சோதனைக் குழி போட்டால், அந்த நாட்களையும் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம். இரண்டு சென்ட் மனையில் வீடு கட்டுபவர் தலையிலும் இந்தச் சுமையா என்ற கேள்வி நியாயமானது. சிறு வீடுகளுக்கு விலக்கு தரலாம். ஆழமான அடித்தளம் கேட்கும் பெரிய கட்டடங்களுக்கும், பாதாளச் சாக்கடை, சுரங்க நடைபாதை போன்ற அரசுப் பணிகளுக்கும் விதி பொருந்தினால் போதும். எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு வேறு: பழம்பொருள் கிடைத்தால் நிலமே பறிபோகும் என்று அஞ்சுபவர் இரவோடு இரவாக அதை மூடிவிடுவார். அந்த அச்சத்தைப் போக்கத்தான் விதி தெளிவாக இருக்க வேண்டும். பதிவு செய்து முடித்ததும் கட்டுமானம் தொடரலாம், அரிதினும் அரிதான இடத்தை மட்டுமே உரிய இழப்பீடு தந்து அரசு எடுக்கும் என்ற உறுதி அதில் எழுத்தில் இருக்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இதற்கென ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். மதுரை, உறையூர், கரூர், காஞ்சிபுரம் ஆகிய நான்கின் பழைய நகரப் பகுதிகளை வரைபடத்தில் குறித்து, அங்கிருந்து அரசு தொடங்கட்டும். முதல் சோதனைக் குழியை அரசின் சொந்தக் கட்டுமானத்திலேயே போடட்டும்.