நடுபவளுக்கு நிலம் எங்கே?

'உழுபவனுக்கே நிலம்' என்று எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறோம். நல்ல முழக்கந்தான். ஆனால் அதில் உழுபவன் இருக்கிறான், நடுபவள் இல்லை! பெண் ஏரைத் தொட்டால் ஆகாது என்று தடுத்தது ஊர் வழக்கம். ஏர் பிடிக்காதவள் விவசாயி அல்ல என்று தீர்ப்புச் சொன்னதும் அதே ஊர்தான். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, கதிரறுப்பு, மாட்டுத் தொழுவம் இத்தனையும் பார்ப்பவள், 'கூடமாட ஒத்தாசை' செய்கிறவளாம்!

இன்று நிலைமை என்ன? நம் ஆண்கள் பிழைப்புத் தேடி மும்பைக்கும் தில்லிக்கும் ரயிலேறிவிட்டார்கள். ஊரில் தண்ணீர் பாய்ச்சுவதும், உரம் போடுவதும், வியாபாரியிடம் விலை பேசுவதும் மனைவியும் தாயுந்தான். பட்டா மட்டும் ரயிலேறியவன் பெயரில். இல்லாவிட்டால் இறந்துபோன தாத்தா பெயரில்! பட்டா இல்லாதவளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் குதிரைக்கொம்பு. 2019-ல் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டு உதவி 6,000 ரூபாயும் நிலப் பதிவேட்டைப் பார்த்தே வருகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி நடத்துவோராகப் பதிவானவர்களில் பெண்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேர். வயலில் குனிந்து நிற்பவர்களை எண்ணினால் இந்தக் கணக்கு வருமா?

"சட்டந்தான் வந்துவிட்டதே" என்பார்கள். வந்தது. 1989-ல் தமிழ்நாடு வழிகாட்டியது. 2005-ல் நாடு முழுவதும் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்றாயிற்று. நடப்பதென்ன? பொங்கலுக்கு ஊர் போகும் அண்ணன், தங்கைக்கு ஒரு சேலை கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித் திரும்புகிறான். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் மூடப்படும் என்று மிரட்டல்! பெண் விவசாயிகளின் உரிமைக்காக எம்.எஸ். சுவாமிநாதன் 2012-ல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதுவும் சட்டமாகவில்லை.

தோழர்களே! சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை ஊர் போகும்போது தாத்தா பெயரிலுள்ள பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள். அதில் தங்கையின் பெயரும் இருக்கட்டும். மனைவி பாடுபடும் நிலத்தில் ஒரு பங்கை அவள் பெயருக்கு எழுதிப் பதிவு செய்து, கூட்டுப் பட்டா கேளுங்கள். சகோதரிகளே! படித்துப் பார்க்காத பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள்.

இங்கே ஆலை வாசலில் உரிமை பேசிவிட்டு, ஊர் எல்லையை மிதித்ததும் பண்ணையாராக மாறுவது என்ன நியாயம்? உழைப்பவருக்கு உரிமை என்பது நம் வீட்டு வரப்பிலிருந்தே தொடங்கட்டும்!