சுட்டியை நாங்க ஏன் மாத்தணும்?

ஒரு தளம் இடம் மாறினால் முகப்பில் அறிவிப்பு போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். நாங்க புது முகவரிக்கு வந்துட்டோம், உங்க பக்கங்களில் உள்ள சுட்டிகளை இற்றைப்படுத்திக்கோங்க என்று. சமீபத்தில் ஒரு அரசுத் துறையின் தளத்தில் (எதுன்னு சொல்லலை, எதுக்கு வம்பு) இதைப் பார்த்ததும் எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. வீடு மாறினது நீங்க. ஊரில் இருக்கிறவன் எல்லாம் அவனவன் டைரியைத் தேடி எடுத்துத் திருத்தணுமா? நல்லா இருக்குய்யா நியாயம்!

நமக்கு ஊரு திருவொற்றியூர். எங்க தெருவில் நடந்தாலே வாசலுக்கு வாசல் ப.எண், பு.எண் என்று ரெண்டு நம்பர் தொங்கும். சென்னை முழுக்க இந்தக் கூத்து உண்டு, நாமளே எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அதில் ஒரு புத்தி இருக்கு. நம்பரை மாத்தினவன் பழசை அழிக்கலை. பழைய நம்பருக்கு வந்த கல்யாணப் பத்திரிகையும் வீட்டுக்கு வந்து சேரும். 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆச்சு, சென்ட்ரல் ஸ்டேஷனோட ரயில்வே குறியீடு இன்னிக்கும் எம்.ஏ.எஸ். தான். விம்கோ கம்பெனி ஐ.டி.சி.க்குள்ள கரைஞ்சு போச்சு, 2021 பிப்ரவரியில் இங்கே வந்த மெட்ரோ ஸ்டேஷனுக்கும் விம்கோ நகர் என்றுதான் பேர். பெயிண்ட் டப்பா வச்சிருக்கிறவருக்குத் தெரிஞ்ச விஷயம் சர்வர் வச்சிருக்கிறவருக்குத் தெரியலை.

இதென்ன மொக்கை, ஒரு சுட்டி உடைஞ்சதுக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்பீர்கள். வாங்க, எண்ணூர் பக்கம் போவோம்.

2001-ல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர் துறைமுகம் 2014-ல் காமராஜர் துறைமுகம் ஆனது. பேர் மாறினா தளத்தோட பேரும் மாறும். 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் தளம் என்விஃபார்.நிக்.இன் என்று இருந்து, மோஇஎஃப்.நிக்.இன் ஆகி, அப்புறம் மோஇஎஃப்.கவ்.இன் ஆச்சு. அனுமதி விண்ணப்பங்களுக்கு 2018-ல் பரிவேஷ் என்று புதுத் தளம், பிறகு அதுக்கே இரண்டாம் பதிப்பு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் இருக்கலாம், நான் மாறாதேன்னு சொல்லலை.

ஆனா அந்தத் தளங்களில் இருப்பது சினிமா விமர்சனம் இல்லை சாமி. 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய தொழிற்சாலை, துறைமுகம், அனல் மின் நிலையம் எல்லாத்துக்கும் முன் அனுமதி வேணும். பெரும்பாலானவற்றுக்கு வரைவு அறிக்கையை வெளியிட்டு, 30 நாள் அவகாசம் கொடுத்து, மக்கள் கருத்துக்கேட்பு நடத்தணும். கொடுத்த அனுமதி தளத்தில் ஏறணும். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நிபந்தனைகளைக் கடைப்பிடிச்சோமா என்று கம்பெனி அறிக்கை கொடுக்கணும். அனுமதியை எதிர்த்து பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள். தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள், அவ்வளவுதான். இந்தக் கணக்கில், ஆவணத்தைத் தேடி அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் நஷ்டம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி மரம் எல்லாம் கறுப்பு. அதே மாசம் 26-ஆம் தேதி ராத்திரி உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஜனங்க வீட்டைவிட்டு ஓடினாங்க. அந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் முதலில் தேடுவது என்ன? இந்த ஆலைக்கு எப்போ அனுமதி கொடுத்தாங்க, என்ன நிபந்தனை போட்டாங்க, கடைசி அறிக்கையில் என்ன எழுதியிருந்தாங்க. பழைய மனுவின் அடிக்குறிப்பில் முகவரி இருக்கும். தட்டினா 404 வந்தால்?

இங்கேதான் இற்றைப்படுத்திக்கோங்க என்பவர்களைக் கேட்கிறேன். கோர்ட்டில் தாக்கல் பண்ணின மனு காகிதம். அதை எப்படிய்யா இற்றைப்படுத்துறது? அச்சான புத்தகம், ஆய்வேடு, யாரோ பத்து வருஷம் முன்னாடி அனுப்பின மடல், இறந்துபோன நண்பரோட பதிவு... இதையெல்லாம் யார் திறந்து திருத்துவது? அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த சுட்டிகளில் சுமார் பாதி, மேற்கோள் காட்டிய விஷயத்துக்கு இப்போ போகலை என்று 2014-ல் ஹார்வர்டு ஆட்கள் கண்டுபிடிச்சாங்க. 2013-ல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணோம் என்று 2024-ல் பியூ ஆய்வு சொல்லுது.

நம்ம கதையே இருக்கே. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸை மூடினப்போ எவ்வளவு தமிழ்ப் பக்கங்கள் போச்சு! 2012-ல் கூகுள் நம்மையெல்லாம் பிளாக்ஸ்பாட்.காம்-இல் இருந்து பிளாக்ஸ்பாட்.இன்-க்குத் தள்ளியது. கேட்டா தள்ளினாங்க? நாமும் .இன் முகவரியைத்தான் காப்பி பண்ணி ஒருத்தருக்கொருத்தர் சுட்டி கொடுத்தோம். 2018-ல் அந்தத் திருப்பலை நிறுத்தினாங்க, 2020-ல் பார்த்தா அந்தப் பெயரே கைவிட்டுப் போய் வேற யாரோ பதிவு பண்ணிட்டாங்க. பதிவு இருக்கு, எழுதினவர் இருக்கார், சுட்டி மட்டும் செத்துப்போச்சு. உலகத்துலேயே பெரிய தேடுபொறிக்காரன் கதி இது. :-(

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. 301 என்று ஒரு பதில் இருக்கு: இந்தப் பக்கம் நிரந்தரமாக இங்கே போயிடுச்சு என்று உலாவிக்கும் தேடுபொறிக்கும் சர்வரே சொல்லிடும். பழைய முகவரி ஒரு பத்தி, புதுசு ஒரு பத்தி என்று அட்டவணை போட்டு சர்வரில் ஏத்தணும். பழைய டொமைனை விடாமல் வச்சிருக்கணும். அவ்வளவே. நல்ல உரல்கள் மாறக்கூடாது என்று வலையை உண்டாக்கின டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே கட்டுரை எழுதிட்டார். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இந்திய அரசுத் தளங்களுக்கு 2009-ல் வந்த வழிகாட்டியிலேயே உடைஞ்ச இணைப்பு இருக்கக்கூடாது என்று இருக்கு. எழுதினதும் நீங்க, மீறுறதும் நீங்க.

சில புத்திசாலிகள் பழைய முகவரி எல்லாத்தையும் புது முகப்புக்குத் திருப்பிவிட்டு வேலை முடிஞ்சுதுன்னு டீ குடிக்கப் போயிடுறாங்க. காசிமேட்டுக்கு டிக்கெட் கேட்டவனை சென்ட்ரல் வாசலில் இறக்கிவிட்டு, இங்கேருந்து தேடிக்கோ என்கிற மாதிரி. இதுக்கு 404-ஏ மேல், அதிலாவது நேர்மை இருக்கு.

வேபேக் மெஷின் இருக்கே என்பார்கள். இருக்கு, அவங்களுக்குக் கோயில் கட்டலாம். ஆனா தேடுபெட்டிக்குப் பின்னால் உள்ள கோப்புகள் பல அங்கே சேராது. 2024 அக்டோபரில் தாக்குதல் நடந்து அந்தத் தளமே சில நாள் முடங்கியது. அதைவிட, நம்ம ஊர் கழிமுகத்தோட ஆவணத்தைக் காப்பாத்துறது எங்கேயோ அமெரிக்காவில் இருக்கும் தொண்டு அமைப்பின் தலையெழுத்தா?

எண்ணூரில் எந்த வரைபடம் செல்லும் என்பதே பல வருஷச் சண்டை. 1996-ல் ஒப்புதலான கடலோர மேலாண்மை வரைபடத்தில் கழிமுகம் இருக்கு. பிற்பாடு தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த இன்னொன்றில் கழிமுகத்தையே காணோம். பழைய தாள் பழைய இடத்தில் கிடைக்கணும் என்று நாங்க கேட்பது சொகுசுக்கு இல்லைங்க.

பதிவர்களில் பாதிப் பேர் மென்பொருள் ஆட்கள். உங்களில் யாராவது அரசுத் தளம் மாத்தும் வேலையில் இருந்தால், டிசைனுக்கு முன்னாடி அந்த ரெண்டு பத்தி அட்டவணையைக் கேளுங்க. அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீங்க.

டிஸ்கி: மனு எழுதும் நண்பர்கள் சுட்டியை மட்டும் நம்ப வேண்டாம். கோப்பு எண், ஆவணத் தலைப்பு, தேதி, பதிவிறக்கிய நாள் நாலையும் போடுங்க. பிடிஎஃப்பை அச்செடுத்து இணைப்பாகவே வச்சிடுங்க.